பிடித்த வானொலி நிலையம் பாட்டு வகையை மாற்றிவிட்டால் நேயர் என்ன செய்யலாம்

ஒரு வானொலி நிலையத்தில் நேயர்களின் தொலைபேசி அழைப்பை எடுக்கும் வேலையில் 11 ஆண்டுகள் இருந்தேன். மறக்க முடியாத நாள் எது என்று கேட்டால், எங்கள் நிலையம் பழைய பாட்டுகளைக் கைவிட்டு முழுக்கப் புதுப் பாட்டுக்கு மாறிய அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன். காலை ஆறு மணிக்கு வழக்கமான தொடக்க இசை வரவில்லை. ஆறே காலுக்கு முதல் அழைப்பு வந்தது. இரவு ஒன்பது வரை ரிசீவரைக் கீழே வைக்க நேரமில்லை. பேசியவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். வாரம் முடிவதற்குள் அந்த நோட்டு தீர்ந்து இன்னொன்று எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இரண்டு நோட்டையும் கொண்டு போனேன். நிகழ்ச்சித் தலைவர் பத்துப் பக்கம் புரட்டினார். "எல்லாரும் கோபமா இருக்காங்க, அது புரியுது. ஆனா எப்போ கேட்டாங்க, எவ்வளவு நேரம் கேட்டாங்கன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவர் கெட்டவர் இல்லை. பாட்டை நேசித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்தான். ஆனால் அந்த மேசையில் கணக்காக மாறாத எதையும் வைத்துப் பேச முடியாது. அன்று முழுதாக வாசிக்கப்பட்டது ஒரே ஒரு கடிதம். அது என்ன கடிதம் என்று பிறகு சொல்கிறேன். இங்கே எழுதுவதில் பாதி அந்தக் கடிதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் இரண்டு வாரம்: கேளுங்கள், குறியுங்கள்

முதல் நாளே முடிவுக்கு வராதீர்கள். மாறப் போகும் நிலையங்கள் சில நேரம் வேண்டுமென்றே விநோதமாக எதையாவது ஒலிபரப்பும். ஒரே பாட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுவது, டிசம்பருக்கு வெகுகாலம் முன்பே கிறிஸ்துமஸ் பாட்டு போடுவது என்று பல விதம். அமெரிக்க வானொலிக்காரர்கள் இதை 'ஸ்டண்டிங்' என்பார்கள். நான்கு பேர் அதைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதைக் கேட்டுக் கொதித்து எழுதும் கடிதம் வீண். அது போலவே, மாறிய புதிதில் விளம்பரத்தைக் குறைத்து, அறிவிப்பாளர் இல்லாமல் பாட்டு மட்டுமே ஓடவிடுவதும் உண்டு. அதுவும் நிலைக்காது. உண்மையான முகம் தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

அந்த இரண்டு வாரமும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு ரேடியோவைப் போட்டீர்கள், எத்தனை மணிக்கு அணைத்தீர்கள் அல்லது வேறு நிலையத்துக்குத் திருப்பினீர்கள், திருப்பிய நேரத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் கட்டாயம். முடிந்தால் ஒரே பாட்டு ஒரு நாளில் எத்தனை முறை வந்தது என்பதையும் குறியுங்கள். என்னிடம் "ஒரே பாட்டையே போடறீங்க" என்று சொன்னவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். "செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் இந்தப் பாட்டு நாலு தடவை வந்தது" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதைத்தான் தயாரிப்பாளரிடம் கொண்டு போய்க் காட்ட முடிந்தது. மறுநாளே பட்டியலில் அந்தப் பாட்டின் இடைவெளியை அதிகமாக்கினார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரியாமல் எழுதினால் அம்பு வேறு எங்கோ போகும். வானொலிக்காரர்களின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன்.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை அளப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று டைரி: தேர்ந்தெடுத்த சிலரிடம் ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, எந்த நிலையத்தை எப்போது கேட்டீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். இன்னொன்று மீட்டர்: நிலையங்கள் தங்கள் ஒலியில் காதுக்குப் புலப்படாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும். நேயர் இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னக் கருவி அதைப் பிடித்துக் கணக்கு வைக்கும். அமெரிக்காவில் 2007இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ஹூஸ்டனிலும் இது அதிகாரபூர்வ அளவீடானது. டைரியில் பிடித்த நிலையத்தின் பெயரை ஞாபகத்திலிருந்து தாராளமாக எழுதுவோம். மீட்டர் அப்படி இல்லை. நாம் எந்த நிமிடத்தில் திருப்பினோம் என்பது அதற்குத் தெரியும்.

அங்கே ஒரு மணி நேரத்தை நான்கு கால் மணிகளாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். ஒரு கால் மணிக்குள் குறைந்தது 5 நிமிடம் கேட்டிருந்தால்தான் அது அந்த நிலையத்தின் கணக்கில் சேரும் என்பது நெடுநாள் விதி. 2025இல் மீட்டர் அளவீட்டுக்கு மட்டும் அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். இதிலிருந்து ஒன்று புரிகிறது. "உங்க நிலையம் எனக்கு உயிர்" என்பது கணக்கில் ஏறாது. "தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கேட்கிறேன்" என்பது ஏறும்.

அடுத்தது வயது. விளம்பரதாரர்கள் எல்லா வயதினருக்கும் ஒரே மதிப்புத் தருவதில்லை. அமெரிக்காவில் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களைத்தான் அவர்கள் அதிகம் தேடுகிறார்கள். பழைய பாட்டு நிலையத்தின் நேயர்கள் அந்த எல்லையைத் தாண்டும்போது, கேட்பவர் தொகை குறையாவிட்டாலும் வருமானம் குறைகிறது. என் அனுபவத்தில் நேயர்களை அதிகம் புண்படுத்துவது இதுதான், நியாயமாகவே. முப்பது வருடம் கூடவே இருந்தவரிடம் உங்கள் காதுக்கு இனி விலை இல்லை என்று சொல்வதாகத்தானே அது இருக்கிறது?

பாட்டுச் சோதனை என்றும் ஒன்று உண்டு. ஒரு பாட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தை ஏழு, எட்டு, பத்து வினாடிக்கு வெட்டி எடுத்து, ஒரு கூட்டத்துக்குப் போட்டுக்காட்டி, பிடிக்கிறதா, அலுத்துவிட்டதா என்று கேட்டு மதிப்பெண் வாங்குவார்கள். தெரியாத பாட்டு அந்தச் சோதனையில் தோற்றுவிடும். நீங்கள் தேடும் அபூர்வமான பாட்டு பட்டியலில் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சில இடங்களில் நிலையத்தைப் பெரிய குழுமம் ஒன்று வாங்கியிருக்கும். பட்டியல் வேறொரு நகரத்தில் தயாராகும். அப்போது உள்ளூர் நிலையத்துக்கு எழுதும் கடிதத்தின் நகல் ஒன்று தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

சின்ன ஊர் நிலையங்களுக்கு இந்த அளவீடுகள் பல நேரம் கிடைப்பதே இல்லை. அங்கே விளம்பரம் தருபவர் என்ன சொல்கிறார், தொலைபேசியில் யார் பேசுகிறார்கள் என்பதே கணக்கு. உங்கள் நிலையம் அப்படிப்பட்டதென்றால் உங்கள் கடிதத்துக்கு இரட்டை மதிப்பு.

கடிதம்

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். கோடு போட்ட தாளில், ஒரு பக்கம்தான். எழுதியவர் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. எனக்கு நினைவிருக்கிற வரை இப்படி இருந்தது:

"நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு மெஷினில் உட்காருவேன். ஒரு மணி வரை தைப்பேன். அந்த மூன்று மணி நேரமும் உங்கள் நிலையம்தான் ஓடும். ஞாயிறு தவிர எல்லா நாளும், ஆறு வருடமாக. சென்ற புதன்கிழமை இரவு பதினொன்று இருபதுக்கு வேறு நிலையத்துக்குத் திருப்பினேன். அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை. புதுப் பாட்டு கூடாது என்று சொல்லவில்லை, என் மகளுக்கு அவை பிடிக்கும். ஆனால் ராத்திரி வேலை செய்கிறவர்களுக்கு வேகமான பாட்டு ஒத்துவராது, தையல் கோணிப்போகிறது. பத்திலிருந்து ஒரு மணி வரையாவது பழையபடி போடுங்கள். உங்கள் விளம்பரத்தைக் கேட்டுத்தான் நான் நூல் வாங்கும் கடையை மாற்றினேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

நிகழ்ச்சித் தலைவர் இதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுப் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: வாரம் 18 மணி நேரம். அதன் கீழே, 72 கால் மணி. விளம்பரப் பிரிவில் இருந்தவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி வரியைக் காட்டி ஒரு விளம்பரதாரரைத் தக்கவைத்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பெண்மணி என்ன செய்தார் பாருங்கள். தான் யார், எந்த நேரம், எவ்வளவு நேரம், எத்தனை வருடம் என்று சொன்னார். எப்போது விலகினார் என்பதை நிமிடத்தோடு சொன்னார். மற்ற நேயர்களைத் தாழ்த்தவில்லை. நிலையம் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டார். கேட்டது சின்னது. நிலையம் முழுவதையும் திரும்பக் கேட்டால் முடியாது என்ற பதில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். இரவில் மூன்று மணி நேரத்தைக் கேட்டால் யோசித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் விளம்பரம் குறைவு, சோதனை செய்து பார்ப்பதில் நஷ்டம் அதிகமில்லை. அதிகாலை, பின்னிரவு, ஞாயிறு காலை ஆகிய மூன்று நேரங்களில் ஒன்றைக் கேளுங்கள்.

செய்யக் கூடாததும் இருக்கிறது. புதிதாக வந்த அறிவிப்பாளரைத் திட்டாதீர்கள். பாட்டைத் தேர்ந்தெடுப்பது அவர் இல்லை. கணினியில் வரிசையாக வருவதை அவர் அறிமுகம் செய்கிறார். எங்கள் நிலையத்தில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அது முதல் வேலை. முதல் வாரத்தில் வந்த அழைப்புகளைக் கேட்டுவிட்டு என் அறையில் உட்கார்ந்து அழுதாள். பழைய அறிவிப்பாளர்கள் வேலை இழந்த துக்கம் நேயர்களுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் அதற்கு அந்தப் பெண் பொறுப்பில்லை.

ஒரே வாசகத்தை நகலெடுத்து நாற்பது பேர் கையெழுத்திட்டு அனுப்புவதும் பெரிதாக எடுபடாது. நாற்பது கையெழுத்து ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும். நாற்பது பேர் தங்கள் தங்கள் கேட்கும் நேரத்தை எழுதி அனுப்பினால் அவை நாற்பது கடிதம்.

யாருக்கு எழுதுவது? நிகழ்ச்சித் தலைவருக்கு ஒன்று, நிலைய மேலாளருக்கு ஒன்று. அப்புறம், அந்த நிலையத்தில் தொடர்ந்து விளம்பரம் தருபவர்களில் நீங்கள் உண்மையாகவே பொருள் வாங்கும் ஒருவருக்கு ஒன்று. மிரட்ட வேண்டாம். "உங்கள் விளம்பரத்தை இந்த நிலையத்தில்தான் கேட்பேன், இப்போது அங்கே நான் இல்லை" என்ற இரண்டு வரி போதும்.

அரசிடம் முறையிடலாமா?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. பெரும்பாலும் பயன் இருக்காது. ஏன் என்பதற்கு நியூயார்க்கின் டபிள்யூ.என்.சி.என். நிலையத்தின் கதையைச் சொல்ல வேண்டும். மேற்கத்திய செவ்வியல் இசை ஒலிபரப்பிய அந்த நிலையம் 1974 நவம்பரில் ராக் இசைக்கு மாறி, பெயரையும் மாற்றிக்கொண்டது. நேயர்கள் சங்கமாகத் திரண்டு சட்டத்தின் வழியே போராடினார்கள். 1975இல் செவ்வியல் இசை திரும்பி வந்தது, நிலையமும் வேறு கைக்கு மாறியது. அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இசை வகை மாறும்போது அரசின் ஒலிபரப்பு ஆணையம் தலையிட வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சங்கத்தின் பெயராலேயே அறியப்படும் 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எந்த இசை என்பதைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட ஆணையத்துக்கு உரிமை உண்டு என்று சொன்னது. 1993இல் அந்த அலைவரிசை மறுபடி ராக் இசைக்குப் போய்விட்டது.

ஆனாலும் அந்த நேயர்கள் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போராட்டத்துக்குப் பிறகு 18 வருடம் அந்த இசை அங்கே ஒலித்தது. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளி முடிக்கும் காலம் அது.

உங்கள் நாட்டில் உரிமத்தின் நிபந்தனையில் இன்ன மொழி, இன்ன சமூகத்துக்கான நிகழ்ச்சி என்று ஏதாவது எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஆணையத்துக்கு எழுதுங்கள். நிபந்தனையின் வாசகத்தைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில் அது மீறப்பட்டது என்று சொல்லுங்கள். பாட்டு பிடிக்கவில்லை என்பதை அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

பொதுப் பணத்தில் நடக்கும் நிலையம் என்றால் விஷயமே வேறு. அங்கே நேயர் குரலுக்கு உண்மையான இடம் இருக்கிறது. 2010 மார்ச்சில் பிபிசி தன் 6 மியூசிக் நிலையத்தை மூடலாம் என்று முன்மொழிந்தது. நேயர்களும் இசைக் கலைஞர்களும் எதிர்த்தார்கள், கருத்துக் கேட்பில் குவிந்தார்கள். அதைவிட முக்கியம், அந்த நிலையத்தைப் போய்க் கேட்டார்கள். சுமார் 7 லட்சமாக இருந்த வார நேயர் தொகை சில மாதங்களில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஜூலையில், பிபிசியை அப்போது மேற்பார்வையிட்ட பிபிசி அறக்கட்டளை அந்த முன்மொழிவை நிராகரித்தது. நிலையம் இன்றும் இருக்கிறது. எதிர்ப்புக் கடிதம் எழுதிய கையோடு ரேடியோவை அணைத்துவிட்டுப் போகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

திருப்புவதும் ஒரு பதில்தான்

சரி, எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்? முள்ளைத் திருப்புங்கள், தயங்காமல். நம் பக்கத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1952இல் பி.வி.கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கூடவே விளம்பரதாரர்களும் போனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களோடு விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்கியது. ஐந்து வருடம் ஆயிற்று, ஆனால் லட்சக்கணக்கான வீடுகளில் திரும்பிய முள் ஒரு அரசின் கொள்கையைத் திருப்பியது.

நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலைக்கும் இப்படித்தான் நடந்தது. 2005 ஜூன் 3 அன்று பழைய பாட்டுகளை விட்டுவிட்டுக் கலவைப் பாட்டு நிலையமாக மாறியது. 2007 ஜூலை 12 அன்று பழைய பாட்டுகளுக்கே திரும்பிவிட்டது. இரண்டு வருடம், ஒரு மாதம். எனவே திருப்பிவிட்டாலும் உங்கள் நோட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய நிலையத்துக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்: "நான் இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் இதைப் போட்டால் வருவேன்." மேலாளர்கள் மாறுவார்கள். புதிதாக வருகிறவர் பழைய கோப்பைப் புரட்டுவார். எங்கள் நிலையத்திலும் அது நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாற்றம் பிடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தத் திங்கட்கிழமை வந்த அழைப்புகளில் ஒரு கல்லூரி மாணவனின் அழைப்பும் இருந்தது. "எங்க வயசுப் பாட்டை ரேடியோவுல கேட்கறது இதுதான் முதல் தடவை" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதையும் நோட்டில் எழுதினேன். அவனுடைய சந்தோஷத்துக்கும் அந்தத் தையல்காரப் பெண்மணியின் இழப்புக்கும் ஒரே அலைவரிசையில் இடம் வேண்டும் என்பதுதான் அன்று முதல் என் நிலைப்பாடு. நாளுக்கு 24 மணி நேரம் இருக்கிறது, இடம் இருக்கத்தான் செய்கிறது.

இசைத்தட்டுகள் என்ன ஆகின்றன என்று கேளுங்கள்

இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் அவசரமாகச் செய்ய வேண்டியது. பாட்டு வகை மாறிய நிலையத்தில் பழைய தட்டுகளும் நாடாக்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். எங்கள் நிலையத்தில் மூன்றாவது மாதமே அட்டைப் பெட்டிகள் நடைபாதைக்கு வந்துவிட்டன. பேட்டிகள், நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள், வேறெங்கும் பிரதி இல்லாதவை. உங்கள் கடிதத்தில் ஒரு பத்தி இதற்கு ஒதுக்குங்கள்: சேகரிப்பு என்ன ஆகிறது, நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தருவீர்களா என்று கேளுங்கள். அப்படி ஒரு நேயர் கேட்ட பிறகுதான் எங்கள் பெட்டிகள் மறுபடி உள்ளே போயின. பாட்டு பிறகு திரும்பி வந்தபோது போடுவதற்குத் தட்டு இருந்தது அவரால்தான்.

ஆம், திரும்பி வந்தது. நான்காவது மாதம், சனி ஞாயிறு இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை, சோதனை முறையில். முழு வெற்றி இல்லை, வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் கிடைத்தால், முதல் இரவே ரேடியோவைப் போடுங்கள், தொலைபேசியில் கூப்பிட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். சோதனை நிகழ்ச்சியின் ஆயுள் முதல் சில வாரத்து அழைப்புகளில் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை இரவு நான் வேண்டிக்கேட்டுப் பணியில் இருந்தேன். இரண்டு மணி நேரத்தில் 14 அழைப்புகள். ஏழாவது அழைப்பில் ஒரு பெண்மணி பாட்டு எதுவும் கேட்கவில்லை. "கேட்டுட்டு இருக்கேன், எழுதிக்குங்க" என்றார். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்: 10.50.